கிறிஸ்தவ நாவல்களைப் படிப்பதும் பரிந்துரைப்பதும்: மதுரை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி அறையில், இரவல் கொடுப்பதற்கென்று ஒரு புத்தக அலமாரி வைத்திருக்கிறோம். ஆராதனை முடிந்து வருகிறவர்கள், பக்கத்துப் பங்கின் கத்தோலிக்க நண்பர்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவிகள் எனப் பலரும் அதன் முன் நின்று கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தியான நூல்களும் பிரசங்கத் தொகுப்புகளும் இதில் இடம்பெறவில்லை. நாவல்களையும் சிறுகதைகளையும் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

வேதம் கையில் இருக்கும்போது கற்பனைக் கதை எதற்கு? விசுவாசிக்கு அது தகுமா?

பெரியவர்கள் உண்மையான கவலையோடு கேட்கும் கேள்வி இது. ஆகவே வேதத்திலிருந்தே பதில் சொல்வது முறை. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் சாகவைத்த தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது, கட்டளைகளை எடுத்து ஓதவில்லை. ஒரே ஒரு ஆட்டுக்குட்டியைத் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் ஏழையின் கதையைச் சொன்னார். அந்தக் குட்டி அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் பாத்திரத்தில் குடித்தது, அவன் மடியில் படுத்துக்கொண்டது என்று, தேவைக்கு மேலாகவே விவரம் சேர்த்துச் சொன்னார். அந்த விவரங்களில் மனம் கரைந்துதான் தாவீது கோபம் கொண்டு தீர்ப்புச் சொன்னான். அந்தத் தீர்ப்பு தன் மேலேயே விழுந்ததை அதற்குப் பிறகே அறிந்தான். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் பன்னிரண்டாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கெட்ட குமாரன் கதையிலும், மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் வந்தானா இல்லையா என்பது சொல்லப்படவில்லை. கேட்பவர் தாமே அந்த வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. நல்ல நாவல் நம்மை நிறுத்துவதும் அதே இடத்தில்தான். வேதத்துக்குப் பதிலாக நாவலைப் படியுங்கள் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

எதைக் கிறிஸ்தவ நாவல் என்று சொல்வது? எழுதியவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமா?

இருக்க வேண்டியதில்லை. தமிழில் நான் முதலாவதாகக் கையில் எடுத்துக் கொடுக்கும் நாவலின் ஆசிரியர் வண்ணநிலவன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். என்னுடைய அளவுகோல் வேறு. பாவத்துக்கு அதற்குரிய கனமும், கிருபைக்கு அதற்குரிய விலையும் கதைக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி முழங்கால்படியிட்டவுடன் கடனும் தீர்ந்து, வியாதியும் நீங்கி, கணவனும் குடியை விட்டுவிடுகிற கதையில் பக்கத்துக்கு ஒரு வசனம் இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அப்படி நடக்காத குடும்பங்கள் நம் சபை பெஞ்சுகளிலேயே வாரந்தோறும் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கதையைப் படித்தால், தங்கள் ஜெபத்தில்தான் குறை என்று அவர்கள் மனம் நொந்துபோவார்கள்.

தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்?

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். 1977-இல் வெளிவந்த இந்நாவல் அளவில் சிறியது. ஒரு ஞாயிறு மதியத்தில் படித்து முடித்துவிடலாம். தென்கடற்கரையின் பரதவர் ஊர் ஒன்றில் வல்லம் என்னும் நாட்டுப் படகில் மீன் பிடிப்பவர்களுக்கும் லாஞ்சி என்னும் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் பகை மூண்டிருக்கிறது. வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரும்படி படித்த மகன் வற்புறுத்த, தகப்பனான குரூஸ் மிக்கேல் கடலை விட்டுப் பிரிய மனமில்லாமல் தவிக்கிறார். மகள் பிலோமி தான் நேசித்தவனை இழக்கிறாள். துரோகமும் மரணமும் நிறைந்த அந்த ஊரில் அவள் யாரையும் வெறுக்க மறுக்கிறாள் என்பதுதான் கதை. பாதிரியார் இதில் பிரசங்கம் செய்து யாரையும் திருத்துவதில்லை. பகைவரைச் சிநேகிப்பது எப்படியிருக்கும் என்பதை, கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் வாழும் சாதாரணப் பெண்ணொருத்தி தன் நாட்களால் காட்டிவிடுகிறாள்.

அடுத்து ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964-இல் வந்தது. குமரி மாவட்டத்துப் பனைவிளை ஒன்றில், வாழ்ந்து கெட்ட கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் லிஸியும் பனையேறும் குடும்பத்துத் தங்கராஜும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இருவரும் ஒரே ஆண்டவரைத் தொழுகிறவர்கள். இருந்தும் இடையில் அந்தஸ்து குறுக்கே நிற்கிறது. வயதுக்கு வந்தவுடன் பள்ளிக்கூடத்தை நிறுத்தி லிஸியை வீட்டோடு இருத்திவிடுகிறார்கள். வெளியே விரிந்து கிடந்த அவள் உலகம் வீட்டின் அளவுக்குச் சுருங்கிப்போவதை ஆசிரியர் குரல் உயர்த்தாமல் எழுதியிருக்கும் பக்கங்களை, எங்கள் சபையின் அறுபது வயதுத் தாய்மார் பலரும் தங்கள் கதையாகவே படித்தார்கள். நாஞ்சில் நாட்டுப் பேச்சு மதுரைக்காரருக்கு முதல் சில பக்கங்களில் சற்றுத் தடுக்கும். பொறுத்துப் படித்தால் பழகிவிடும்.

நேரமும் பொறுமையும் உள்ளவருக்கு ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ ஆகிய இரண்டையும் சொல்வேன். ‘கொற்கை’க்கு 2013-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டும் பெரியவை, அவற்றில் வரும் கொச்சையும் வன்மமும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது நல்லது.

இவையெல்லாம் மேல்நாட்டைப் பார்த்து வந்தவைதாமே?

நாவல் வடிவம் வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் கிறிஸ்தவக் கதையைத் தமிழில் விரித்துச் சொல்லும் வழக்கம் நாவலுக்கு முந்தியது. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர், மரியாளின் கணவரான சூசையப்பரைத் தலைவராக வைத்து மூவாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாக வந்தது. கம்பனில் தோய்ந்த அந்த விருத்தங்களைப் படிப்பவருக்குக் கதை பனியன் அடைபட்டிருந்த இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் பிறந்தது என்பதே மறந்துபோகும். தமிழின் முதல் நாவலாக எண்ணப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கரே, அவர் தம் சபையாருக்கென்று மட்டும் எழுதவில்லை, தமிழ் படிக்கத் தெரிந்த எல்லாருக்குமாக எழுதினார்.

விசுவாசத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எதைக் கொடுப்பது?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் நான் மிகவும் யோசித்துப் பதில் சொல்வது இதற்குத்தான். தடுமாறுகிறவருக்கு, தடுமாற்றமே இல்லாத கதாபாத்திரங்கள் நிறைந்த புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். நான் கொடுப்பவை இரண்டு.

ஒன்று, தாஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. 1866-இல் எழுதப்பட்ட இந்த ருஷ்ய நாவலை மதுரை ஃபாத்திமா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எம்.ஏ. சுசீலா தமிழில் தந்திருக்கிறார். வெளியிட்டதும் மதுரையின் பாரதி புத்தக நிலையம்தான். நம் ஊரின் உழைப்பில் விளைந்த இந்தப் புத்தகத்தை நம் ஊரில் பலர் இன்னும் படிக்காமலிருப்பது எனக்கு வருத்தமே. அதன் நான்காம் பாகத்தில், இரண்டு பெண்களைக் கொன்றுவிட்ட ரஸ்கோல்னிகோவ், குடும்பத்துக்காக உடலை விற்கும் சோனியாவின் அறைக்குப் போய், செத்துப்போன லாசருவை ஆண்டவர் உயிரோடெழுப்பிய பகுதியை வாசிக்கச் சொல்கிறான். அவள் எடுக்கும் புதிய ஏற்பாடு பழையது, தோல் அட்டை போட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் லிசவேத்தா, அதாவது அவனால் கொல்லப்பட்டவர்களில் ஒருத்தி. முதலில் சோனியாவுக்குக் குரல் எழும்பவில்லை. வாசிக்க வாசிக்க, தன் முன்னால் இருக்கும் இந்த நம்பிக்கையற்றவனும் இப்போதே கேட்டு நம்பிவிடுவான் என்ற எதிர்பார்ப்பில் அவள் நடுங்குகிறாள். அவன் நம்பவில்லை. மெழுகுவத்தித் துண்டு அணையப்போகிறது, வாசிப்பு முடிகிறது. நாவலின் கடைசியில் சைபீரியச் சிறையில் அதே புத்தகம் அவன் தலையணைக்கடியில் இருக்கிறது. அப்போதும் அவன் அதைத் திறக்கவில்லை என்று ஆசிரியர் எழுதுகிறார். சாட்சிக் கூட்டங்களில் நாம் கேட்டுப் பழகிய வேகத்தில் மனிதர் மாறுவதில்லை என்பதைத் தெரிந்தவர் எழுதிய வரி அது. சைபீரியச் சிறைக்குப் போகும் வழியில் கையில் கொடுக்கப்பட்ட ஒரு புதிய ஏற்பாட்டை அவரும் கடைசிவரை வைத்திருந்தவர்.

மற்றொன்று, ஸ்வீடன் நாட்டின் பேர் லாகர்குவிஸ்டு 1950-இல் எழுதிய ‘பரபாஸ்’. க.நா.சுப்ரமண்யம் இதை ‘அன்பு வழி’ என்ற பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார். ஆண்டவருக்குப் பதிலாக விடுதலையான கள்ளன், அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்திருப்பான் என்பதே கதை. சுரங்கத்தில் அடிமையாக இருக்கும்போது, அவனோடு விலங்கிடப்பட்ட சகாக் தன் அடிமைத் தகட்டின் பின்புறத்தில் கிறிஸ்துவின் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறான். பரபாஸும் தன் தகட்டில் செதுக்கிக்கொள்கிறான். விசாரணையில் சகாக் தன் கடவுளை மறுக்காமல் சிலுவையில் சாகிறான். பரபாஸோ தனக்குக் கடவுள் இல்லை என்று சொல்லிவிடுகிறான். அவன் தகட்டிலிருந்த பெயர் குறுக்கே கீறப்படுகிறது. நம்ப விரும்பி நம்ப முடியாமல் போன ஒருவனை இவ்வளவு பரிவோடு காட்டிய வேறொரு நாவலை நான் அறியேன். ‘எனக்கும் அப்படித்தான் இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத இளைஞர்களிடம், இந்தப் புத்தகத்தைக் கொடுத்த பிறகு பேச்சு எளிதாகிறது.

வேதாகம காலத்துச் சரித்திர நாவல்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கதையாக மட்டுமே. லூ வாலஸின் ‘பென்ஹர்’ 1880-இல் வந்தது. யூதா பென்ஹர் என்றொருவர் சுவிசேஷங்களில் இல்லை. 1959-இன் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்கள், பென்ஹரின் தாய்க்கும் தங்கைக்கும் குஷ்டம் நீங்கும் காட்சி இடம் மாறியிருப்பதைக் கவனிக்கலாம்: படத்தில் அது சிலுவை மரணத்தோடு சேர்கிறது, நாவலில் எருசலேமுக்குள் ஆண்டவர் பவனி வரும் நாளிலேயே நடந்துவிடுகிறது. சியன்கியேவிச்சின் ‘குவோ வாடிஸ்’ நாவலில் ரோமைவிட்டு வெளியேறும் பேதுருவுக்கு ஆண்டவர் எதிர்ப்படும் காட்சி, திருச்சபையின் பழைய மரபுக் கதையிலிருந்து வந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் தேடினால் கிடைக்காது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு இவற்றைக் கொடுத்தால் போதும்.

ஆங்கிலத்தில் வரும் கிறிஸ்தவக் காதல் நாவல்களையும் கடைசிக்காலக் கதைகளையும் பற்றி?

மாணவிகள் அதிகம் கேட்பது ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’. துரோகம் செய்த மனைவியை மறுபடியும் ஏற்றுக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850-களின் கலிஃபோர்னியத் தங்கவேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோன நாவல். சிறுவயதிலேயே விபசாரத்துக்கு விற்கப்பட்ட பெண்ணைப் பற்றியதாகையால், பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை. ஜானெட் ஓக்கின் நாவல்கள் மென்மையானவை, யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் இந்த வகை நாவல்களில் இருவர் சந்திக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள், மணக்கிறார்கள். நம் வீடுகளில் கல்யாணம் என்றால் பெற்றோர், சாதி, நகை, எந்தச் சபை என்பதெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இவற்றை விரும்பிப் படிக்கும் பெண்ணுக்குக் கூடவே ‘புத்தம் வீடு’ நாவலையும் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

1995-இல் தொடங்கிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ வரிசை, விசுவாசிகளைத் திடீரென்று எடுத்துக்கொள்ள ஆண்டவர் வருவார் என்னும் ரகசிய வருகையைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட விளக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. கத்தோலிக்கரும், மற்றச் சபையாரில் பலரும் அந்த விளக்கத்தை ஏற்பதில்லை என்று சொல்லிக் கொடுங்கள். பிசாசுகளோடு தூதர்கள் போரிடும் ஃபிராங்க் பெரெட்டியின் நாவல்களை விறுவிறுப்புக்காகப் படிக்கலாம். மனநோய்க்கு மருத்துவரிடம் போகாமல் பேயோட்ட அழைத்துப்போகும் வழக்கம் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருப்பதால், அத்தகைய நோயாளி உள்ள வீட்டுக்கு அவற்றை நான் அனுப்புவதில்லை.

துக்க வீட்டுக்கு எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம்?

அடக்க ஆராதனை முடிந்த வாரத்தில் எதையும் கொண்டுபோகாதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், கூட உட்கார்ந்திருங்கள். சில மாதங்கள் கழித்து அவர்களாகவே கேட்டால், தல்ஸ்தோய் 1885-இல் எழுதிய, செருப்புத் தைக்கும் மார்த்தினின் சிறுகதையைக் கொடுக்கலாம். மனைவியையும் பிள்ளைகளையும் இழந்து, கடைசியாக மிஞ்சிய ஒரே மகனையும் பறிகொடுத்த மார்த்தின் கடவுளோடு கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிறான். அவன் கோபத்தை ஆசிரியர் எங்கும் கண்டிப்பதில்லை. ஆண்டவர் வருவார் என்று நிலவறைச் சன்னலில் காத்திருக்கும் அவனுக்கு அன்றைக்கெல்லாம் தென்படுபவர்கள் பனி அள்ளும் கிழவரும், குளிரில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணும், ஆப்பிள் விற்கும் பாட்டியும்தான். அவர்களுக்கு அவன் தேநீர் ஊற்றிக் கொடுப்பதிலும் பழைய மேலங்கியை எடுத்துப் போர்த்துவதிலும் கதை நகர்கிறது. செத்த பிள்ளை திரும்பி வருவதில்லை. துக்கத்தில் இருப்பவர் இந்தக் கதையை நம்புவதற்கு அதுவே காரணம்.

சபையின் குறைகளைச் சொல்லும் புத்தகங்களைச் சபை அலமாரியில் வைக்கலாமா?

வைக்க வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் மதுரையிலிருந்துதான் முதலில் வெளிவந்தது. தலித் கிறிஸ்தவப் பெண்ணாகத் தம் ஊரிலும், பின்பு கன்னியர் மடத்திலும் கண்ட சாதி வேற்றுமையைத் தம் மக்களின் பேச்சிலேயே அவர் எழுதியிருக்கிறார். தன்வரலாறு என்றும் நாவல் என்றும் இரண்டு விதமாகவும் அதைப் படிக்கிறார்கள். இதைப் படித்து முகம் சுளித்தவர்களும் எங்கள் சபையில் உண்டு. ‘இதையெல்லாம் வெளியே சொல்லலாமா?’ என்று கேட்டார்கள். ஆமோஸும் எரேமியாவும் ஆலயத்துக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பேசியதை வேதத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நாம், இந்தக் குரலை மட்டும் அலமாரிக்கு வெளியே நிறுத்துவதற்கு நியாயமில்லை.

பிற சமய நண்பர்களுக்குப் பரிந்துரைக்கலாமா?

புத்தகம் நன்றாக இருப்பதால் கொடுங்கள். தெருவில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பதுபோல் கொடுக்காதீர்கள். நண்பரை மதம் மாற்றுவதற்கு நாவலைத் தூண்டிலாக்கினால், நட்பும் கெடும், நாவலும் வீணாகும். விக்டர் ஹ்யூகோவின் பெருநாவலை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் சிவகங்கையில் பிறந்த சுத்தானந்த பாரதியார் என்னும் யோகி. ரொட்டி திருடியதில் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தவன், தனக்கு இடம் கொடுத்த பிஷப்பின் வெள்ளிச் சாமான்களையும் திருடிக்கொண்டு போலீசாரிடம் பிடிபடுகிறான். பிஷப்போ, ‘மெழுகுவத்தித் தண்டுகளையும் சேர்த்துத்தானே கொடுத்தேன், ஏன் விட்டுவிட்டுப் போனாய்?’ என்ற கருத்தில் பேசி அவற்றையும் அவன் கையில் கொடுக்கிறார். இந்தக் காட்சிக்காகவே கிறிஸ்தவரல்லாத ஒருவர் உழைத்து மொழிபெயர்த்திருக்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. 1950-இல் திரைப்படமாகவும் வந்த கதை என்பதால், மூத்தவர்களிடம் பேச்சைத் தொடங்குவதும் எளிது.

பிள்ளைகளுக்கு?

ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளுக்கு சி.எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் ஏழும். அவற்றில் வரும் சிங்கம் கிறிஸ்துவைக் குறிக்கிறது என்று நீங்கள் விளக்கிச் சொல்லாதீர்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தமிழில் படிக்கிறவர்களுக்கு மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் தல்ஸ்தோயின் சிறுகதைகளை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

மதுரையில் இவை எங்கே கிடைக்கும்?

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் முதலில் தேடிப் பாருங்கள். வாங்குவதானால் மேலவெளி வீதியின் சர்வோதய இலக்கியப் பண்ணையும், தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவும் உதவும். ஒரு செய்தி: பல சபைக் கடைகளில் நாவல்கள் வைப்பதில்லை, மேலே சொன்ன தமிழ் நூல்களைப் பொதுவான இலக்கியப் பதிப்பாளர்களிடமே கேட்க வேண்டும்.

பரிந்துரைத்த புத்தகம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால்?

வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; வாதாட வேண்டாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று மட்டும் கேளுங்கள். பத்தாம் பக்கத்தில் நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் மொழியோ எழுத்தின் அளவோ தடையாக இருந்திருக்கும். கண் மங்கிய பெரியவர் என்றால் யாராவது வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யலாம். முக்கால் பங்கு படித்துவிட்டு நிறுத்தியவரை ஏதோ ஒன்று தொட்டிருக்கிறது. அது என்னவென்று அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், துருவ வேண்டாம். அடுத்து எதைக் கொடுப்பது என்பது அந்தப் பதிலிலிருந்தே தெரிந்துவிடும்.